பெரியவர் வாய்ச்சொல்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது ஓகஸ்ட் பிறந்திருக்கும். ஓகஸ்ட் 9 உலகப் பழங்குடி மக்கள் தினம். 1994 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்த நாள் அது. நம் நாட்டில் தம்பானையில் வேடர் சமூகம் அந்த நாளைக் கொண்டாடுகிறது, தலைவர்கள் போய் வருகிறார்கள், பத்திரிகையில் வில்லும் கோடரியுமாகப் படம் வருகிறது. பள்ளிவாசல்துறையில் இருந்துகொண்டு நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

போன இதழின் சிறுவர் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தோம்: உங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குப் பிடிக்காத இடம் எது? வந்த பதில்களில் பைப்படி இருந்தது. கழிவறையின் பின்பக்கம் இருந்தது. வேனில் கடைசி சீட், கன்டீன் வரிசை, மைதானத்து மதில் மூலை எல்லாம் இருந்தன. எல்லாமே டீச்சர்மாரின் கண் எட்டாத இடங்கள். ஏன் பிடிக்காது என்று நாங்கள் கேட்கவில்லை, பிள்ளைகளே எழுதியிருந்தார்கள்.

அதில் ஒரு கடிதம் தரம் 8இல் படிக்கும் பிள்ளையுடையது. வாப்பா சீசனுக்குச் சீசன் மீன்வாடி மாறுகிறவர். தீவில் கொஞ்ச காலம், கரையில் கொஞ்ச காலம் என்று அந்தப் பிள்ளையின் படிப்பும் அவரோடு அலைகிறது. புதிதாகச் சேர்ந்த வகுப்பில் அவளுக்கு ‘வாடிக்காரி’ என்று பெயர். இடைவேளைக்கு முன்பே, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, சாப்பாட்டை முடித்துவிடுவதாக எழுதியிருந்தாள். இடைவேளையில் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துகிறார்களாம். மூக்கைப் பொத்துகிற பிள்ளைகளும் கருவாட்டில் வளர்ந்தவர்கள்தான். நம் கரையில் எந்த வீட்டு முற்றத்தில் மீன் காயவில்லை? ஆனாலும் நிலையாக வீடு உள்ளவர்களுக்கு வாடியில் இருப்பவர்கள் ஒரு படி கீழே. எல்லா ஊரிலும் சீண்டல் தேடுவது அந்த ஒரு படியைத்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குள் பகிடி வராமல் இருக்குமா என்று நம்மில் பலர் தள்ளிவிடுகிறோம். பகிடி வேறு, இது வேறு. இரண்டு பேரும் சிரித்தால் அது பகிடி. நோர்வேயில் வாழ்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களிலேயே இதை ஆராயத் தொடங்கியவர். வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவருக்குச் செய்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது வதை என்று அவர் வரையறுத்தார். மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம் என்பேன். பெரும்பான்மைக்கு நடுவே ஒரே ஒருவராக இருக்கிற பிள்ளையால் எதிர்த்து நிற்க முடியாது.

யுனெஸ்கோ 2019இல் 144 நாடுகளின் தரவுகளைத் திரட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ மூன்று மாணவரில் ஒருவர், சரியாகச் சொன்னால் 32 வீதத்தினர், முந்தைய ஒரு மாதத்துக்குள் ஒருதடவையாவது இப்படி வதைக்கப்பட்டிருந்தார்கள். பிள்ளைகள் சொன்ன காரணங்களில் முதலில் நின்றது உடல் தோற்றம். அடுத்தது இனம், நாடு, நிறம். அடிக்கடி வதைபடும் பிள்ளைக்கு ‘நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வெளியாள்’ என்ற எண்ணம் மற்றப் பிள்ளைகளைவிட மூன்று மடங்கு அதிகம் இருந்தது. பள்ளிக்கு வராமல் நின்றுவிடுவதும் இரண்டு மடங்குக்கு மேல்.

பழங்குடிப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். நிறமும் முடியும் வேறாக இருக்கும். குலப்பெயர் வேறாக இருக்கும். சீருடை பழசாக இருக்கும். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாததால் வீட்டுவேலை செய்துவராமல் திட்டு வாங்கும். தேன் எடுக்கும் காலத்தில், அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராது. வந்த அன்று ஒட்டிக்கொள்ள ஒரு சிநேகிதி இருக்காது. காரணங்கள் தனித்தனியாக வருவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஒரு பிள்ளையின் தலையில் ஏறுகின்றன.

வேடர் என்றால் தம்பானையும் சிங்களமும் மட்டுமே நம் நினைவுக்கு வரும். தமிழ் பேசும் வேடர் கிழக்குக் கரையில் இருக்கிறார்கள். வாகரைப் பக்கம், வெருகல், மூதூர்ப் பக்கம் கடலும் காடும் சந்திக்கிற இடங்களில் மீன் பிடித்து, தேன் எடுத்து, சேனை செய்து வாழ்கிறவர்கள். செலிக்மன் தம்பதி 1911இல் வேடரைப் பற்றி எழுதிய பெரிய நூலிலேயே கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் உண்டு. போரும் 2004இன் சுனாமியும் அவர்களைப் பலதடவை இடம் பெயர்த்தன.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1911 குடிசனக் கணக்கெடுப்பில் இலங்கை முழுவதும் ஐயாயிரத்துக்கு மேல் வேடர் இருந்தார்கள். 1953இல் 803 பேர். 2012 கணக்கெடுப்பில் அவர்களுக்கென்று ஒரு நிரலே இல்லை, ‘ஏனையோர்’ என்பதற்குள் போய்விட்டார்கள். 1911க்கும் 1953க்கும் இடைப்பட்ட நாற்பத்திரண்டு வருடத்தில் இத்தனை ஆயிரம் பேர் மாண்டுவிடவில்லை. பெரும்பாலோர் சிங்களவராகவும் தமிழராகவும் பதிந்துகொண்டார்கள். கலியாணம், மொழி, கோயில் என்று அதற்குப் பல வழிகள் இருந்தன. ஆனால் ‘வேடன்’ என்று சொல்லிக்கொண்டால் மதிப்பில்லை என்பதும் அந்த வழிகளில் ஒன்று. அந்த மதிப்பின்மையை மனிதர் முதலில் சந்திக்கிற இடம் பள்ளிக்கூடம்.

அந்தப் பாடத்தை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? நம் வீடுகளில் தலை வாராமல் வருகிற பையனைப் பார்த்து ‘வேடன் மாதிரி நிக்கிறான்’ என்கிறோம். கறுப்பாக, சுருட்டை முடியோடு பிறந்த பிள்ளையைக் கொஞ்சும்போதே ‘காப்பிலி’ என்கிறோம். அதைச் சொல்லும் உம்மாவுக்கும் பெத்தும்மாவுக்கும் மனதில் ஒரு வஞ்சமும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற ஆறு வயதுப் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: அப்படி இருப்பது குறை. அதே பிள்ளை பன்னிரண்டு வயதில் பைப்படியில் நின்று அந்தச் சொல்லை எறியும்போது நாம் அதிர்ச்சியடைகிறோம், ‘இதையெல்லாம் எங்கே படித்தான்’ என்று.

காப்பிலியர் எங்கோ தூரத்தில் இல்லை, நம் மாவட்டத்திலேயே சிறாம்பியடியில் இருக்கிறார்கள். போர்த்துக்கீசர் காலந்தொட்டு ஆங்கிலேயர் காலம் வரை ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். முன்னோர் பலர் ஆங்கிலேயரின் படைப்பிரிவில் சிப்பாய்களாக இருந்தவர்கள். கத்தோலிக்கர். அவர்களுடைய போர்த்துக்கீசக் கிரியோல் மொழி பேச்சிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது, பாட்டில் நிற்கிறது. கொழும்பு மேடைகளுக்கு அந்தப் பாட்டுக்காரரை அழைக்கிறார்கள், எல்லாரும் எழுந்து ஆடுகிறார்கள், கைதட்டுகிறார்கள். பிள்ளைகளிடம் அந்தப் பாட்டைப் பற்றி நாம் எப்போதாவது சொல்லியிருக்கிறோமா? நாம் கொடுத்தது அந்த ஒரு சொல்லைத்தான், அதுவும் வசவாக.

இனி நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது சிலருக்கு வலிக்கும். வலித்தாலும் சொல்ல வேண்டும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் தேதி, இரண்டு மணி நேர அவகாசம். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்து வந்தவர்களில் பலர் படகுகளில் கற்பிட்டிக் கரையில் வந்திறங்கினார்கள். நம் ஊர்கள் அன்று சட்டி பானையோடு கரைக்கு ஓடின. பள்ளிவாசல்களைத் திறந்துவிட்டோம், தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில் போட இடம் கொடுத்தோம். அதை நினைத்து இன்றைக்கும் நம் முதியவர்கள் பெருமைப்படுகிறார்கள், பெருமைப்பட வேண்டியதுதான்.

மாதங்கள் வருடங்களாயின. அவர்களுக்கு நிவாரண அரிசி வந்தது, நம் ஏழைகளுக்கு வரவில்லை. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு ஆள் பெருகியது, கூலி இறங்கியது. கிணற்றில் வரிசை, வைத்தியசாலையில் வரிசை, காணி விலை, வாக்காளர் பட்டியல். சில பள்ளிக்கூடங்களில் காலையில் உள்ளூர்ப் பிள்ளைகள், பின்னேரம் வந்தவர்களின் பிள்ளைகள் என்று ஒரே கட்டடம் இரண்டு வேளை ஓடியது. பெரியவர்களின் மனத்தாங்கல் ஒவ்வொன்றும் பிள்ளைகளின் வாயில் ‘அகதி’ என்று ஒரே சொல்லாக வந்து விழுந்தது. கட்டாந்தரையில் உட்கார்ந்து படித்த பிள்ளைக்கு அந்தப் பெயர் சரி என்றே வைத்துக்கொண்டாலும், இங்கேயே புத்தளம் வைத்தியசாலையில் பிறந்த பிள்ளைக்கும் அது தொடர்ந்தது. மானிடவியலாளர் ஷாரிகா திரணகம 2011இல் வெளியிட்ட நூலில் புத்தளத்து வாழ்க்கையை எழுதும்போது, முகாமில் பிறந்து வளர்ந்த தலைமுறையும் அகதி என்ற அடையாளத்தைச் சுமப்பதைக் காட்டுகிறார். அவர்களும் முஸ்லிம்கள், நாமும் முஸ்லிம்கள். ஒரே தமிழ், ஒரே தொழுகை, ஒரே வரிசையில் நின்று ஒரே திசை பார்த்தோம். அதுவும் போதவில்லை.

அவுஸ்திரேலியாவிலும் இதையே கண்டிருக்கிறார்கள். மேற்கு அவுஸ்திரேலியாவில் யமாட்ஜி பழங்குடியினரிடையே ஜூலி கொஃபினும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தபோது, வதைப்பவர்கள் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் இல்லை என்று தெரிந்தது. பழங்குடிப் பிள்ளையைப் பழங்குடிப் பிள்ளையே சீண்டியது நிறைய. வேரைத் தேடிப்போனால் குடும்பப் பகை. பெரியவர்களுக்குள் வருடக்கணக்காக நீளும் சண்டை மறுநாள் காலை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்துவிடுகிறது. ஆய்வாளரும் பழங்குடிப் பெண்மணி என்பதால்தான் வீட்டுக்குள் இருந்த இந்தப் பேச்சு வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

கனடா இன்னும் கொடுமை. பழங்குடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள். நூறு வருடத்துக்கு மேல் நடந்தது, ஒன்றரை லட்சம் பிள்ளைகள் வரை அதற்குள் போனார்கள். முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் தந்த இறுதி அறிக்கை, அங்கே பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை வதைத்ததையும் விரிவாகப் பதிந்திருக்கிறது. தன் மேலே விழுந்த அடியைத் தன்னைவிடச் சின்னவன்மேல் இறக்கிவைத்திருக்கிறார்கள். தடுக்க வேண்டிய பெரியவர்கள்தான் அடித்துக் காட்டியவர்கள்.

நம் டீச்சர்மாருக்கும் சேர்மாருக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்களில் எத்தனையோ பேர் சொந்தக் காசில் பிள்ளைக்கு அப்பியாசக் கொப்பி வாங்கிக் கொடுப்பவர்கள், எனக்குத் தெரியும். ஆனால் வகுப்பின் முன்னால் ஒரு பிள்ளையின் ஊரையோ வீட்டையோ சொல்லித் திட்டினால், அந்த நிமிடமே நாற்பது பிள்ளைகளுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. அடித்தாலும் அப்படித்தான். நம் உயர் நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஒரு மாணவன் செவி கேளாமல் போகும்படி அறையப்பட்ட வழக்கில், பள்ளிக்கூடத்தில் உடல் தண்டனை பிள்ளையின் அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்தது. கைவலிமை உள்ளவன் அடிக்கலாம் என்ற பாடத்தை நாமே நடத்திவிட்டு, மைதானத்தில் அதை எழுதிப் பார்க்கும் பிள்ளையைக் கூப்பிட்டு மறுபடி அடிப்பதில் எந்தப் பயனும் இல்லை.

வெளியே பேசினால் என்ன ஆகும் என்று வதைபடும் பிள்ளைக்கு இருக்கும் பயமும் உண்மையானது. 2023 ஓகஸ்ட் 9ஆம் தேதி, பழங்குடியினர் தினத்தன்றே, தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பிளஸ் டூ படித்த பட்டியலினத்து மாணவன் ஒருவனை உடன் படித்த மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. சாதி சொல்லிச் சீண்டியதால் அவன் பள்ளிக்கே போகாமல் நின்றிருந்தான், ஆசிரியர் கூப்பிட்டுக் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குக் கிடைத்தது அது. அதைத் தொடர்ந்து அமைந்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு 2024 ஜூனில் அரசிடம் அறிக்கை கொடுத்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு கையில் வேண்டாம், பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நினைத்ததெல்லாம் ஒன்றுதான்: முறைப்பாடு வாங்கினால் மட்டும் போதாது, முறையிட்ட பிள்ளை அன்று இரவு எங்கே தூங்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முறைப்பாடு வந்ததும் இரண்டு பேரையும் எதிரெதிரே நிற்கவைத்து, ‘சரி, கை குலுக்குங்கள், சலாம் சொல்லுங்கள்’ என்று முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. சமபலம் உள்ளவர்களின் சண்டைக்கு அது சரிவரும். இங்கே ஒருவன் பயந்துபோய்க் கை கொடுக்கிறான், மற்றவன் வெளியே போய்ச் சிரிக்கிறான். தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். வதைத்த பிள்ளையின் வீட்டிலும் என்ன நடக்கிறது என்று கேளுங்கள், அவனும் யாரோ ஒருவருடைய கைக்குக் கீழே இருக்கக்கூடும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது, வேடிக்கை பார்க்கிறவர்கள். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லி இவர்களைத்தான் ஆராய்ந்தார். வதைப்பவனுக்குக் கைகொடுப்பவர், சிரித்து உற்சாகம் தருபவர், பேசாமல் நகர்ந்து போகிறவர், பாதிக்கப்பட்டவர் பக்கம் போய் நிற்பவர் என்று வகுப்பு முழுவதும் ஏதோ ஒரு வேலை செய்துகொண்டிருப்பதாகக் கண்டார். அதை வைத்து உருவான ‘கிவா’ திட்டம் 2009 முதல் பின்லாந்துப் பள்ளிகளெங்கும் போனது. வதைப்பவனைத் திருத்துவதைவிட, சிரிக்கிறவர்களைச் சிரிக்காமல் பண்ணுவது சுலபம் என்பது அதன் அடிப்படை. சிரிப்புக் கிடைக்காவிட்டால் அவனுக்கு அதில் ருசி இல்லை.

இது நம் பிள்ளைகளால் முடியும். மேலே சொன்ன வாடிப் பிள்ளையின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. போன தவணையில் ஒருத்தி மட்டும் தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாளாம். ஒன்றும் பேசவில்லையாம், சாப்பிட்டாளாம். அந்தக் கிழமை முழுவதும் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பிறகு வாப்பாவோடு தீவுக்குப் போக வேண்டி வந்துவிட்டது, திரும்பி வந்தபோது அந்தச் சிநேகிதி வேறு வகுப்புக்கு மாறியிருந்தாள்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி விட்டு வந்ததும் ‘யாராவது அடிச்சதா?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ‘இல்லை’ என்றுதான் சொல்லும். ‘இண்டைக்கு யாரோட இருந்து சாப்பிட்டீங்க மகள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் தாமதமானால், அல்லது நாளும் ‘தனியாத்தான்’ என்று வந்தால் விசாரியுங்கள். காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்வது, சாப்பாட்டுப் பெட்டி அப்படியே திரும்பி வருவது, கொப்பி கிழிந்திருப்பது, வேன் வேண்டாம் நடந்தே போகிறேன் என்பது இவையெல்லாம் பிள்ளை வாய்விட்டுச் சொல்லாமல் சொல்வதுதான். உங்கள் பிள்ளை சீண்டுகிற பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவர் வந்து சொன்னால் கோபப்பட்டு அவரை அனுப்பிவிடாதீர்கள். சொல்ல வந்தவர் எத்தனை நாள் யோசித்துவிட்டு உங்கள் படலையைத் திறந்திருப்பார்.

அதிபர்மாரிடம் கேட்பது அதைவிடச் சிறியது. இடைவேளையில் பைப்படியில் ஓர் ஆசிரியர் நிற்கட்டும். இடையில் சேருகிற பிள்ளைக்கு முதல் நாளே ஒரு துணை மாணவரை நியமியுங்கள், ஒருவர் மாறிப்போனால் இன்னொருவரை. வரவுப் பதிவேட்டில் அடிக்கடி வராத பெயர்களைத் தனியாக எழுதி, பிள்ளை வந்த அன்று ‘ஏன் வரல்ல’ என்று எல்லாருக்கும் முன்னால் கேட்காமல், பக்கத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள். சிறாம்பியடிப் பாட்டுக்காரரை ஒருநாள் நம் பள்ளிக்கு அழைக்க முடியுமா என்று பாருங்கள். கலைவிழாவில் வேடிக்கை காட்ட வேண்டாம், வரலாற்றுப் பாட நேரத்தில் வந்து பிள்ளைகளோடு இருந்து பேசட்டும். கிழக்குக் கரை வேடரைப் பற்றி எழுதத் தெரிந்த வாசகர்கள், முக்கியமாக அந்த ஊர்களிலிருந்தே எழுதக்கூடியவர்கள், எங்களுக்கு எழுதுங்கள். இந்த வருடக் கடைசிக்குள் அவர்கள் கையால் எழுதியவற்றையே ஒரு சிறப்புப் பகுதியாகப் போட ஆசை.

சிறுவர் பக்கத்துக்கு எழுதும் பிள்ளைகளுக்கு: உங்கள் கடிதத்தில் ‘பெயர் போட வேண்டாம்’ என்று எழுதினால் போட மாட்டோம், ஊரும் போட மாட்டோம். எங்களுக்கு எழுத முடியாத அளவுக்கு மனம் கனத்தால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. காசு போகாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். வீட்டில் போன் இல்லாத பிள்ளைகள் பக்கத்துக் கடையில் கேளுங்கள். கடைக்காரர்களே, எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்